காகிதத்தில் நூல் திரிக்க: முதல் தாளிலிருந்து முதல் தார் வரை

நான்கு மாதம், பதினான்கு தாள், ஒரு பெட்டி ராட்டை. இவ்வளவையும் செலவழித்த பிறகுதான் தறியில் ஏற்றக்கூடிய காகித நூல், தாராக (தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் நூல் குழலாக), என் கைக்கு வந்தது. அதில் மூன்று மாதம் முழுக்க வீண். எல்லாம் தெரிந்தால் ஒரு வாரத்தில் முடிகிற வேலை என்பதால் எழுதி வைக்கிறேன்.

நான் பின்பற்றுவது ஜப்பானிய முறை. அங்கே காகித நூலைக் கமிஇதோ என்பார்கள், அதில் நெய்த துணியை ஷிஃபு. மியாகி மாகாணத்தில் உள்ள ஷிரோஇஷி ஊர் இதற்குப் பெயர் போனது. காகிதத்தை நீளமாக, மெல்லிய பட்டைகளாக வெட்டி, ஈரமாக்கி, கல்லில் உருட்டி, கடைசியில் முறுக்கு ஏற்றுவார்கள். பசை கிடையாது, இயந்திரம் கிடையாது. அதனால் வீட்டிலேயே செய்யலாம்.

1. காகிதம்: முக்கால்வாசி வேலை இங்கேயே முடிகிறது

எல்லோரும் பழைய செய்தித்தாளில்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான். வீட்டில் கிடக்கிறது, காசு இல்லை, மறுசுழற்சி என்று சொல்லிக்கொள்ளவும் நன்றாக இருக்கிறது. வேண்டாம். மரக்கூழ்க் காகிதத்தின் இழை ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். நனைந்ததும் இழைகள் ஒன்றையொன்று விட்டுவிடும். முறுக்கினால் நூல் போலத்தான் தெரியும், ஆனால் தறியில் இரண்டு தட்டுக்குத் தாங்காது. போதாக்குறைக்கு அச்சு மை விரலெல்லாம் ஒட்டும். சுவரில் மாட்டும் அலங்காரத்துக்கோ கூடை பின்னவோ என்றால் சரி, உடுத்தும் துணிக்கு ஆகாது.

வேண்டியது பட்டை நாரில் செய்த மெல்லிய காகிதம். கோஸோ என்ற மரத்தின் உட்பட்டையில் செய்த வாஷி (ஜப்பானியக் காகிதம்) முதல் தேர்வு. இது நம் பட்டுப்பூச்சிக்குப் போடும் மல்பெரியின் உறவுக்கார மரம். இதன் இழை ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய நீளம் இருக்கும். அதனால்தான் நனைந்தும் பிடிமானம் விடாது. மரத்தை வெட்டிச் சாய்ப்பதில்லை. குளிர்காலத்தில் கிளைகளை மட்டும் வெட்டுகிறார்கள், மறுபடி தழைத்துவிடும். ‘நிலைத்த பொருள்’ என்ற பேச்சுக்கு இந்த ஒரு காரணம் எனக்குப் போதும். விமானத்தில் வருகிறதே என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

அந்த உறுத்தலுக்கு மாற்று, நேபாளத்தின் லோக்தா காகிதம். அதுவும் பட்டை நார்தான், விலையும் குறைவு. ஆனால் ஒரே தாளில் ஒரு மூலை தடிப்பாகவும் இன்னொரு மூலை சல்லடையாகவும் இருக்கும். பழகுவதற்கு வாங்குங்கள்.

கடையில் மூன்று இடத்தில் ஏமாறலாம்.

‘மல்பெரி பேப்பர்’ என்று அலங்காரக் கடைகளில் விற்பது பெரும்பாலும் தடித்த, நார் துருத்திக்கொண்டிருக்கும் தாள். பரிசு சுற்றத்தான் ஆகும். அடுத்தது, பருத்திக் கழிவில் செய்யும் கைக்காகிதம். எழுதவும் கல்யாணப் பத்திரிகைக்கும் அருமை, ஆனால் நமக்கு ரொம்பத் தடிப்பு. மூன்றாவது, ‘வாஷி’ என்ற பெயரிலேயே மரக்கூழ் கலந்து இயந்திரத்தில் செய்த தாள். இதில்தான் என் முதல் ஆறு தாள்கள் போயின.

அதனால் ஒரு தாள் மட்டும் வாங்கிச் சோதியுங்கள். ஒரு சென்டிமீட்டர் அகலப் பட்டை ஒன்றைப் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டு எடுத்து, இரு கையாலும் இழுங்கள். நல்ல கோஸோ என்றால் ‘கொஞ்சம் இரு’ என்பது போல எதிர்த்து நிற்கும். மற்றது சத்தமில்லாமல் பிரிந்துவிடும். அப்புறம் காய்ந்த தாளை நெடுக்கில் ஒரு முறை, குறுக்கில் ஒரு முறை கிழித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் நேராகக் கிழிகிறதோ அதுதான் இழை ஓடும் திசை. பென்சிலால் அம்புக்குறி போட்டு வையுங்கள். பட்டைகளை அந்தத் திசையில்தான் வெட்ட வேண்டும். குறுக்கே வெட்டினால் எவ்வளவு நல்ல காகிதமும் செய்தித்தாள் ஆகிவிடும்.

தடிப்பு சதுர மீட்டருக்கு 15 முதல் 25 கிராம். முதல் முறைக்கு 20 கிராம் சரியாக வரும்.

2. வாங்கும் முன் ஒரு கணக்கு

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானே தடவித் தடவிக் கண்டுபிடித்தேன். பட்டையின் அகலத்தை மில்லிமீட்டரில் எடுத்துக்கொண்டு, தாளின் கிராம் எடையால் பெருக்குங்கள். வருவது நூலின் டெக்ஸ், அதாவது ஆயிரம் மீட்டர் நூலின் எடை கிராமில். 3 மில்லிமீட்டர் பட்டை, 20 கிராம் தாள் என்றால் 60 டெக்ஸ். 590-ஐ அதால் வகுத்தால் பருத்தி நூல் நம்பர் கிடைக்கும். கிட்டத்தட்ட பத்தாம் நம்பர். 2 மில்லிமீட்டராக வெட்டினால் பதினைந்தாம் நம்பர் பக்கம் வரும். நெசவாளரிடம் பேசும்போது இந்த நம்பரைச் சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார்.

60-க்கு 90 சென்டிமீட்டர் தாளில் 3 மில்லிமீட்டர் பட்டை 200 வரும். ஒவ்வொன்றும் 90 சென்டிமீட்டர். ஆக ஒரு தாளுக்கு 180 மீட்டர். அரை மீட்டர் அகலம், 1.8 மீட்டர் நீளத்தில் ஒரு துண்டு நெய்ய, சென்டிமீட்டருக்குப் பத்து ஊடை (குறுக்கு நூல்) போட்டால் 900 மீட்டர் வேண்டும். சேதாரத்தோடு ஆறு தாள். ‘இரண்டு தாள் வாங்கிப் பார்ப்போம்’ என்று வாங்கினால் துண்டு மூன்றில் ஒரு பங்கில் நின்றுபோகும். அடுத்த தவணைத் தாள் அதே நிறத்தில் வராது.

3. தாளை வரவழைக்க: ஆவணம், செலவு, நாள்

வெளிநாட்டுக் கடையில் நேரடியாக வாங்கினால், சொந்த உபயோகத்துக்கு ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண் தேவையில்லை. ஆனால் கூரியர் நிறுவனம் அடையாளச் சரிபார்ப்பு கேட்கும். ஆதார் அல்லது பாஸ்போர்ட் நகல், சில சமயம் பான். பார்சல் கிளம்பிய செய்தி வந்ததுமே அவர்கள் தளத்தில் ஏற்றிவிடுங்கள். என் முதல் பார்சல் இதற்காகவே பதினொரு நாள் கிடந்தது. அவர்கள் அனுப்பிய மின்னஞ்சல் குப்பைப் பெட்டியில் போய் விழுந்திருக்கிறது, நான் தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆவணத்தில் இருக்கும் பெயரும் பார்சலில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். இனிஷியல் முன்னே பின்னே இருந்தால்கூடத் திருப்பி அனுப்புகிறார்கள்.

விற்பவரிடம் பில்லில் ‘கையால் செய்த காகிதம்’ என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். சுங்கப் பட்டியலில் அதற்கு 4802 தலைப்பில் தனி இடம் இருக்கிறது. ‘கைவினைப் பொருள்’ என்று பொதுவாக எழுதினால் ஆளுக்கொரு விளக்கம் கேட்பார்கள். சுங்க வரியோடு கூரியரின் கையாளும் கட்டணமும் சேரும். சின்ன பார்சலுக்கு வரியைவிட அந்தக் கட்டணம் அதிகமாகிவிடுவதும் உண்டு. அதனால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வாங்குவது லாபம்.

எல்லாம் சேர்ந்து எனக்குத் தாளுக்குச் சுமார் 700 ரூபாய் ஆனது. ஆர்டர் போட்டதிலிருந்து கைக்கு வர மூன்று வாரம். தாளைச் சுருட்டிக் குழாயில் அனுப்பச் சொல்லுங்கள். மடித்து அனுப்பினால் மடிப்பு விழுந்த இடமெல்லாம் பட்டை அறும்.

4. சாமான்கள்

வெட்டும் பாய் ஒன்று, எஃகு அடிக்கோல், வட்டக் கத்தி. மூன்றும் தையல் சாமான் கடையில் கிடைக்கும், எனக்கு 1,300 ரூபாய் ஆயிற்று. மாற்றுக் கத்தி இரண்டு கூடவே வாங்கிவிடுங்கள். இரண்டு தாளுக்கு மேல் ஒரு கத்தி வராது, மழுங்கினால் வெட்டாது, பிய்க்கும்.

திரிக்கத் தக்கிளி (கையால் சுழற்றி நூற்கும் கதிர்) போதும். சர்வோதய சங்கக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பெட்டி ராட்டை இருந்தால் வேகம் கூடும். ஆனால் முதல் தாளை முடிக்காமல் ராட்டை வாங்காதீர்கள். நான் வாங்கினேன், மூன்று மாதம் அது அலமாரிமேல் இருந்தது.

கல்லுக்குத் துவைக்கிற கல் பொருத்தம். சொரசொரப்பான சிமெண்ட் பலகைக் கல்லும் ஆகும். அம்மி நன்றாகத்தான் இருக்கும், கொத்திய அம்மி இன்னும் நல்லது. ஆனால் எத்தனை முறை கழுவினாலும் மிளகாய்ச் சிவப்பும் எண்ணெயும் அதிலிருந்து வந்துகொண்டே இருக்கும். என் ஏழாவது தாள் வெளிர் ஆரஞ்சு.

5. மடித்து வெட்டுதல்

பட்டைகளை முழுக்க வெட்டிப் பிரித்துவிடக் கூடாது. இரண்டு ஓரமும் ஒட்டியிருக்க வேண்டும். அந்த ஓரம்தான் பிறகு பட்டையைப் பட்டையோடு இணைத்து ஒரே நூலாக்கும்.

90 சென்டிமீட்டர் நீளத்தைப் பாதியாக மடியுங்கள். இப்போது கீழே மடிப்பு, மேலே இரண்டு விளிம்பு. மேல் விளிம்பு ஒவ்வொன்றையும் அதனதன் பக்கமாக வெளியே மடக்கி, கீழ் மடிப்பைத் தாண்டி 2 சென்டிமீட்டர் தொங்கும்படி கொண்டுவாருங்கள். இப்போது நாலு அடுக்கு. கத்தியை அந்தத் தொங்கும் பகுதிக்குள், கீழ் மடிப்புக்கு அரை சென்டிமீட்டர் கீழே வைத்துத் தொடங்கி, மேல் மடிப்பைத் தாண்டி வெளியே வரும்வரை ஒரே இழுப்பாக இழுங்கள். 22 சென்டிமீட்டர் வெட்டில் கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் பட்டை கிடைத்துவிடும். விரித்துப் பார்த்தால் தென்னங்குருத்துத் தோரணம் போல இருக்கும், இரண்டு பக்கமும் ஒன்றரை சென்டிமீட்டர் ஓரம் வெட்டுப்படாமல்.

முதல் முறைக்கு 4 மில்லிமீட்டர் அகலமே வையுங்கள். எல்லாம் ஒரே அகலமாக இருப்பதுதான் முக்கியம். கிளிப் போட்டு அடுக்கைப் பிடித்து வையுங்கள். நாலு அடுக்கில் ஒன்று நழுவினால் நடுவில் நூலிழை அகலத்தில் ஒரு பட்டை வந்து, அடுத்த நாள் கல்லில் அறும். ஒரு தாளுக்கு ஒரு மணி நேரம் ஆகும். இந்த வேலையை அவசரமாகச் செய்த நாளெல்லாம் எனக்கு நஷ்டம்தான்.

6. ஈரம்

இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, கைக்குத்தான் தெரிய வேண்டும். ஆனாலும் சொல்கிறேன். இஸ்திரி போடத் தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைத்த வேட்டியை ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டால் எப்படி இருக்குமோ, அந்தப் பதம். தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும், விரலில் தண்ணீர் ஒட்டக் கூடாது. அதிகமானால் பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகும். குறைந்தால் உருளாமல் தட்டையாகவே நின்று ஓரம் வெடிக்கும்.

தாளின்மேல் நேரடியாகத் தண்ணீர் தெளிக்காதீர்கள். துண்டு இரண்டை நனைத்து முறுக்கிப் பிழிந்து, நடுவில் தாளை வைத்துச் சுருட்டி, பிளாஸ்டிக் பைக்குள் கட்டி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் ஈரம் ஒரே சீராக இறங்கியிருக்கும். இரண்டு நாளுக்கு மேல் விட்டால் பூஞ்சை வாடை வந்துவிடும். நம் ஊர் வெயிலில் ஒன்றரை நாளே அதிகம்.

உருட்டும்போது ஃபேனை நிறுத்துங்கள். ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் ஈரோட்டில் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடுகிறது. விடிகாலை ஐந்து மணிக்குச் செய்தால் ஈரம் நிற்கும். மழைக்காலம் இதற்கு மிக நல்ல காலம்.

7. உருட்டுதல்

பட்டைகளைக் கல்மேல் ஒன்றாகச் சேர்த்து வைத்து, உள்ளங்கையால் முன்னே தள்ளுங்கள். சப்பாத்தி மாவை உருட்டுகிற அழுத்தத்தில் பாதி. நாலு தள்ளு தள்ளியதும் தாளைத் தூக்கி, இரண்டு ஓரத்தையும் பிடித்து மெல்ல உதறி, பட்டைகளைப் பிரித்துவிடுங்கள். திருப்பிப் போட்டு மறுபடி. முதல் ஐந்தாறு சுற்றில் ஒன்றும் நடக்காதது போலத்தான் இருக்கும். அங்கேதான் எல்லோரும் அழுத்தத்தைக் கூட்டிக் காகிதத்தைக் கெடுக்கிறார்கள். பத்தாவது சுற்றுக்குப் பக்கத்தில் பட்டைகள் தாமாகச் சுருள ஆரம்பிக்கும். இருபது சுற்றில் ஒவ்வொன்றும் ஊறின சேமியா மாதிரி உருண்டையாகி நிற்கும். முக்கால் மணி நேர வேலை.

8. கிழித்து இணைத்தல்

பட்டைகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதில் எண்ணிக்கொள்ளுங்கள். இடது ஓரத்தில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே, நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே ஓரத்தைக் கிழியுங்கள். வலது ஓரத்தில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே, மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே. இப்படிப் போனால் தாள் முழுக்கப் பாம்பு போல வளைந்து வளைந்து ஒரே நூலாகிவிடும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஓரத்தின் சின்னத் துண்டு துருத்திக்கொண்டு நிற்கும். ஈர விரலால் அதை நூல் ஓடும் திசையில் உருட்டி விடுங்கள். லேசான முடிச்சு போலத் தெரியும். அது பிழை இல்லை. ஷிஃபு துணியில் அங்கங்கே புள்ளி புள்ளியாகத் தெரிவது இதுதான்.

தவறான இடத்தில் கிழித்துவிட்டால் பதற வேண்டாம். இரண்டு முனையையும் இரண்டு சென்டிமீட்டர் மேலே மேலே வைத்து ஈரத்தோடு உருட்டினால் பிடித்துக்கொள்ளும்.

நூலை ஒரு அகலக் கூடையில் வட்டமாக விட்டுக்கொண்டே வாருங்கள். அவ்வப்போது மேலே ஒரு கைப்பிடி புளியங்கொட்டை தூவினால் அடுக்கு நகராது. கூடையைக் கவிழ்த்து முதல் முனையைத் தேடும் எண்ணம் மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. இந்தப் படி முடியத் தாளுக்கு இரண்டு மணி நேரம்.

9. முறுக்கு

பருத்தி நூற்றவர்களுக்கு இங்கே பழக்கதோஷம் குறுக்கே நிற்கும். பஞ்சை இழுப்பது போலக் கை தானாக இழுக்கும். இங்கே இழுக்க ஒன்றும் இல்லை. நூல் ஏற்கெனவே நூல்தான், முறுக்கு மட்டும் ஏற்றிச் சுற்ற வேண்டும். அங்குலத்துக்கு எட்டு, பத்து முறுக்கு எனக்குச் சரிப்பட்டது. ஒரு முழம் நூலைத் தளர்த்திப் பிடியுங்கள். ஒரு முறை சோம்பலாக மடிந்து சுற்றினால் போதும். சுருள் சுருளாகப் பின்னிக்கொண்டால் அதிகம். காய்ந்துபோனால் ஈரத்துணியில் ஒருமுறை ஓட்டிவிட்டுத் திரியுங்கள்.

முறுக்கு நிற்க ஆவி காட்ட வேண்டும். நூலை எவர்சில்வர் டம்ளரில் இறுக்கமாகச் சுற்றி, இட்லிப் பானையில் பத்து நிமிடம் வைத்து எடுத்து, நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். இரும்புத் தக்கிளியோடு வைத்தால் துருக்கறை படியும். பிளாஸ்டிக் குழாய் ஆவியில் நெளிந்துவிடும்.

ஜப்பானில் காகிதத்துக்கு வலு ஏற்ற கொன்யாக்கு கிழங்கு மாவைப் பூசுவதும் உண்டு. அது நம் சேனைக்கிழங்கின் சொந்தக்காரக் கிழங்கு என்று படித்துவிட்டு நான் சேனையை அரைத்துப் பூசினேன். சொந்தம்தான், ஆனால் குணம் வேறு. இரண்டு நாள் கை அரித்ததுதான் மிச்சம்.

10. தறிக்குப் போகும்போது

முதல் துணியில் காகிதம் ஊடையாக மட்டும் போகட்டும், பாவு (நெடுக்கு நூல்) பருத்தியாக இருக்கட்டும். இந்த வகைக்கு அங்கே மென்ஜிஃபு என்று பெயர். பாவிலேயே காகிதம் போடுவது கை தேர்ந்தவர்கள் வேலை.

நான் சென்னிமலையில் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். தாரைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, “ஏனுங் அம்மிணி, நனைஞ்சா கரைஞ்சு போயிராதுங்களா?” என்றார். ஒரு முழத்தைச் சொம்புத் தண்ணீரில் போட்டுக் காட்டினேன். எடுத்து இழுத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, தறிக்குப் போய்விட்டார். நீங்களும் ஒரு முழம் தனியாக எடுத்துப் போங்கள், பேச்சு மிச்சம்.

மீட்டர் கூலி பேசாதீர்கள். வேகமாக ஓட்டினால்தான் அவர்களுக்கு மீட்டர் கூலி கட்டும், இந்த நூல் வேகம் தாங்காது. நாள் கூலி பேசுங்கள். எனக்கு இரண்டு நாள், நாளுக்கு 900 ரூபாய். தார்களை ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். காய்ந்த தார் நாடாவுக்குள் பட்டென்று அறும், லேசான ஈரம் இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும்.

ஆக, ஒரு துண்டுக்குத் தாள் 4,200, கூலி 1,800, பாவு நூல் தனி. அதுபோக என் நேரம்: தாளுக்கு ஐந்தரை மணி, ஆறு தாளுக்கு முப்பத்து மூன்று மணி. விலை வைக்கும் முன் இதைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள்.

11. விற்க நினைத்தால்

உத்யம் என்ற சிறுதொழில் பதிவு முதலில். ஆதார், அதோடு இணைந்த போன் எண், பான், வங்கிக் கணக்கு விவரம், இவ்வளவுதான். அரசுத் தளத்தில் இது இலவசம். தேடினால் முதலில் வருவது அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும், கட்டணம் கேட்கும் தளங்கள். பணம் கேட்ட உடனே வெளியே வந்துவிடுங்கள்.

ஜிஎஸ்டி: தமிழ்நாட்டுக்குள்ளேயே பொருள் விற்று, ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்தால் பதிவு கட்டாயமில்லை. வெளிமாநிலத்துக்கு அனுப்புவதற்கு முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அங்கே விதியே வேறு. பில் போடும்போது காகித நூல் என்றதும் காகிதப் பொருள் தலைப்பில் போட்டுவிடுவார்கள். காகித நூலுக்குத் தலைப்பு எண் 5308, அதில் நெய்த துணிக்கு 5311. இரண்டும் ஜவுளிப் பகுதியில்தான் இருக்கின்றன.

வெளிநாட்டுக்கு விற்பதாக இருந்தால் மட்டும் ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண் எடுங்கள். கட்டணம் 500 ரூபாய், பான், முகவரிச் சான்று, ரத்து செய்த காசோலை வேண்டும். எடுத்ததோடு முடியவில்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரங்கள் சரி என்று தளத்தில் உறுதி செய்ய வேண்டும், மறந்தால் எண் செயலிழக்கும்.

கடைசியாக, துணியில் தொங்கவிடும் அட்டை. ‘நூறு சதவீதம் இயற்கைக்கு உகந்தது’ என்று அச்சடிக்கும் ஆசை வரும். ஆதாரமில்லாமல் பசுமை என்று சொல்லி விற்பதற்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024-இல் வழிகாட்டு விதிகள் கொண்டுவந்திருக்கிறது. என் அட்டையில் இவ்வளவுதான் இருக்கிறது: ‘ஊடை: கோஸோ மரப்பட்டைக் காகிதம். பாவு: பருத்தி. தண்ணீரில் கையால் அலசவும். முறுக்கிப் பிழிய வேண்டாம். நிழலில் விரித்துக் காயப்போடவும்.’